ஹீட்டர் வாங்குவதற்கு முன் ஓட்டையைத் தேடுங்கள்

குளிர்காலம் நெருங்கினால் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஹீட்டர் நல்லது?" என்பதுதான். ஹீட்டரை அப்புறம் பார்க்கலாம் என்பேன். முதலில் உங்கள் வீட்டில் காற்று எந்த வழியாக வெளியே போகிறது, தண்ணீர் எங்கே அசையாமல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் சின்ன ஹீட்டரே போதும். தெரியாமல் எவ்வளவு பெரிய ஹீட்டர் வைத்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

பனி கொட்டும் குளிர் நாட்டில் இருக்கும் எங்கள் வீடு பழையது. மரச்சட்டத்தில் கட்டிய இரண்டு மாடி. சாய்வான கூரைக்கும் மேல்மாடி சீலிங்குக்கும் நடுவில், குனிந்து நடக்கிற உயரத்தில் ஓர் அட்டிக். தண்ணீரைச் சூடாக்கும் ஒரு கேஸ் பாய்லர், அந்தச் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் அறைக்கு அறை, கூடத்தில் ஒரு விறகு அடுப்பு. வீட்டில் நான், கணவர், மகன், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. குளிர் ஏறுவது முதலில் தெரிவது அவருக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுச் சுகாதார வழிகாட்டி, குளிர் நாட்டு வீடுகளுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது. முதியவர்களும் குழந்தைகளும் நோயாளிகளும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. அந்த 18ஐ நான் தரையாக வைத்துக்கொள்கிறேன். மாமியார் அறையில் ஒரு தெர்மாமீட்டர் எப்போதும் தொங்கும்.

இலை உதிரத் தொடங்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடுவேன். உறைபனி வந்தபிறகு ஏணியில் ஏறுவது ஆபத்து. பிளம்பர், பாய்லர் மெக்கானிக் எல்லோரையும் அப்போதுதான் ஊரே தேடும்.

தொடங்க வேண்டிய இடம் கதவோ ஜன்னலோ இல்லை, வீட்டின் உச்சி. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. குளிர் காற்று கதவிடுக்கில் வருவது கண்கூடாகத் தெரிகிறதே, அட்டிக்குக்கு ஏன் ஏற வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் மாமியாருக்கும் எனக்கும் இப்படித்தான் ஒரு பேச்சு நடந்தது.

"கதவ நல்லா சாத்தும்மா, காத்து அடிக்குது."

"சாத்தித்தான் இருக்கு அத்தை. எங்க அடிக்குது, சொல்லுங்க?"

"கணுக்கால்லதான். இடுப்புக்கு மேல ஒண்ணும் தெரியல."

அவர் சொன்னதிலேயே விஷயம் முழுவதும் இருக்கிறது. சூடான காற்று லேசானது, மேலே ஏறும். உச்சியில் எங்காவது ஓட்டை இருந்தால் அதன் வழியாக வெளியேறிவிடும். வெளியேறிய அளவுக்குக் காற்று கீழே எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவுக்கு அடியில், தரைப்பலகைச் சந்தில், சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் என்று கிடைத்த வழியில் வரும். வெளியே குளிர் கூடக்கூட இந்த இழுப்பும் கூடும். ஆக, கீழே கணுக்காலில் அடிக்கும் காற்றை இழுப்பது மேலே சீலிங்கில் இருக்கும் ஓட்டை. மேலே அடைத்தால் கீழே பாதி தானாக அடங்கும். கீழே மட்டும் அடைத்தால் காற்று வேறு சந்தைத் தேடிக்கொள்ளும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். காற்று பலமாக வீசும் குளிர் நாளாகப் பார்த்து, பாய்லரையும் விறகு அடுப்பையும் முழுக்க அணைத்துவிட்டு, ஜன்னல்களையெல்லாம் சாத்தி, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓட விட வேண்டும். அப்போது வெளிக்காற்றை வீடு உள்ளே இழுக்கும். ஊதுபத்தியை ஜன்னல் சட்டம், மின்சார பிளக், தரையோரம் என்று மெதுவாகக் கொண்டுபோனால் புகை நேராக ஏறாமல் எங்கே சாய்கிறதோ அங்கே வழி இருக்கிறது. திரைச்சீலைப் பக்கம் மட்டும் கவனம். அடுப்பு எரியும்போது இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஃபேன் இழுக்கிற இழுப்பில் புகைபோக்கியில் போக வேண்டிய வாயு அறைக்குள் திரும்பிவிடும்.

அட்டிக்கில் ஊதுபத்திகூடத் தேவையில்லை. சூடு வெளியேறாமல் இருக்கத் தரையில் விரித்திருக்கும் கண்ணாடிப் பஞ்சை அங்கங்கே தூக்கிப் பார்த்தால் கறுத்த திட்டுகள் தெரியும். கீழிருந்து வருடக்கணக்காகக் கசிந்த காற்று, பஞ்சில் வடிகட்டப்பட்டுத் தூசியை விட்டுப் போன இடம் அது. திட்டு இருந்தால் நேர் கீழே ஓட்டை இருக்கிறது. என் மகன் டார்ச் பிடிக்க, நான் ஒவ்வொரு திட்டாகத் தூக்கிப் பார்த்தேன். மின்சார ஒயர் இறங்கும் துளை, கழிவறைக் குழாய் மேலே வரும் பெரிய துளை, சீலிங் விளக்கின் வட்டம், உள்சுவரின் உச்சி எல்லாமே காற்றுக்கு வழிதான். எல்லாவற்றையும்விட மோசம் அட்டிக்குக்கு ஏறும் கதவு. வெறும் பலகையாக, சுற்றிலும் விரல் நுழையும் சந்தோடு இருந்தது. இப்போது அதன் விளிம்பு முழுக்க நுரைப்பட்டை ஒட்டி, முதுகில் தடித்த இன்சுலேஷன் பலகை வைத்து, கொக்கி போட்டு இறுக்கியிருக்கிறோம்.

குழாய், ஒயர் துளைகளுக்கு ஸ்ப்ரே ஃபோம் சரி. புகைபோக்கியைச் சுற்றி இருக்கும் இடைவெளிக்கு அது கூடவே கூடாது, தீப்பற்றும். அங்கே தகரத் தகடு வெட்டிப் பொருத்தி, நெருப்பு தாங்கும் பசையால் ஓரத்தை அடைக்க வேண்டும். சீலிங்குக்குள் புதைந்த பழைய வகை விளக்குகளின் மேலும் பஞ்சைப் போர்த்தக் கூடாது. பஞ்சுக்கு அடியில் இருக்கலாம் என்று குறித்துத் தயாரித்த விளக்கு என்றால் மட்டுமே மூடலாம். இன்னொரு எச்சரிக்கை, பழைய வீட்டுக்காரர்களுக்கு. அட்டிக்கில் சாம்பல் நிறமாகவோ தங்க நிறமாகவோ சின்னக் கூழாங்கற்கள் மாதிரி உதிரியாக ஒரு பொருள் கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம், அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. கையை வைக்காமல் இறங்கி வந்து, இந்த வேலை தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் சோதியுங்கள்.

ஓட்டைகளை அடைத்த பிறகுதான் பஞ்சை அதிகமாக்க வேண்டும். பலர் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு மேலே மேலே பஞ்சு போடுகிறார்கள். ஓட்டை வழியாக ஓடும் காற்றைப் பஞ்சு தடுக்காது. அதன் வேலை தன் இழைகளுக்குள் காற்றை அசையாமல் பிடித்து வைப்பது மட்டும்தான். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவது மிகக் குறைவு, கண்ணாடி கடத்துவதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. அதனாலேயே பஞ்சை இடம் கிடைக்கவில்லை என்று அமுக்கித் திணிக்கக் கூடாது. திணித்தால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும், பலனும் போய்விடும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் கண்ணாடிப் பஞ்சைத் தொடாதீர்கள். தோலில் குத்தும், நெஞ்சுக்குள் போனால் இருமலாக வாட்டும். கூரையோரத்தில் அட்டிக்குக்குள் காற்று வருவதற்கென்றே விட்டிருக்கும் துவாரங்களையும் பஞ்சால் மூடிவிடக் கூடாது. வீட்டுச் சூடு அட்டிக்குக்குப் போகக் கூடாது, ஆனால் அட்டிக் தன் ஈரத்தை வெளியே விட வேண்டும்.

கூரையோரம் பனிக்கட்டி வரிசையாகத் தொங்குவதைப் பார்த்து அழகு என்று படம் எடுப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் அந்த வீட்டு அட்டிக்தான் கண்ணில் தெரியும். சீலிங் வழியாகக் கசிந்த சூடு கூரையை அடியிலிருந்து சூடாக்குகிறது. மேலே கிடக்கும் பனி உருகி வழிந்து, சூடு படாத ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைகிறது. உறைந்து உறைந்து ஓரத்தில் ஒரு கரை எழும்புகிறது. அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து சுவரில் இறங்குகிறது. கோடரி எடுத்து ஐஸை வெட்டினால் கூரைதான் சேதமாகும். மருந்து அட்டிக்கில் இருக்கிறது. கூரையோரத்து மழைநீர் வாய்க்காலில் அடைத்துக் கிடக்கும் இலையைக் கடைசி இலை உதிர்ந்த பிறகு ஒருமுறை வாரிவிடுவதும் அவசியம்.

இனி தண்ணீர். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது. 9 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். 1780களில் கனடாவின் கியூபெக் நகரக் குளிரில், வில்லியம்ஸ் என்ற பீரங்கிப்படை மேஜர் இரும்பு வெடிகுண்டு ஓடுகளில் தண்ணீரை நிரப்பி, வாயில் இரும்பு முளையை அடித்து இறுக்கி வெளியே வைத்துப் பார்த்தார். உறைந்த தண்ணீர் ஒரு முளையை 100 மீட்டருக்கும் அப்பால் தூக்கி எறிந்தது. முளை அசையாத ஓடுகள் தாமே பிளந்தன. அந்த இரும்பு ஓட்டோடு ஒப்பிட்டால் நம் வீட்டுச் செம்புக் குழாய் எம்மாத்திரம்?

குழாய் வெடிப்பதைப் பற்றி ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். ஐஸ் பிடித்த இடத்திலேயே வெடிக்கும் என்று நினைக்கிறோம். பல சமயம் அப்படி இல்லை. குழாயின் நடுவில் ஐஸ் வளர்ந்து அடைத்துக்கொண்டதும், அதற்கும் மூடிய டேப்புக்கும் நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறுகிறது. கொஞ்சம் பலவீனமான இடம் எதுவோ அது பிளக்கிறது. கடும் குளிர் இரவில் டேப்பை நூல் போல ஒழுக விடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஓடுகிற தண்ணீர் உறையாது என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. டேப் திறந்திருந்தால் அழுத்தம் வெளியேற வழி இருக்கிறது என்பதே முக்கியம். இன்னொரு விஷயம், வெடித்தது உடனே தெரியாது. ஐஸே அடைப்பானாக நின்றுவிடும். வெயில் வந்து உருகும் நாளில்தான் தண்ணீர் கொட்டும்.

எல்லாக் குழாய்க்கும் ஒரே கவலை தேவையில்லை. வெளிச்சுவருக்குள் ஓடுவது, அட்டிக்கிலும் தரைக்கு அடியிலும் போவது, கராஜில் இருப்பது, இவைதான் ஆபத்தானவை. இவற்றுக்கு நுரைக்குழல் உறை போட வேண்டும். வளைவுகளிலும் இணைப்புகளிலும் இடைவெளி விடாமல் போட வேண்டும், ஏனென்றால் உறைவது அந்த மூடாத விரற்கடையில்தான். அதோடு, குழாய்க்கு அருகில் சுவரில் காற்று நுழையும் சந்து இருந்தால் அதை முதலில் அடையுங்கள். சும்மா குளிர்ந்து நிற்கும் காற்றைவிட, குழாய்மேல் நேராக வீசும் காற்று பல மடங்கு வேகமாகச் சூட்டைப் பறிக்கும். எங்கள் சமையலறை சிங்க் வெளிச்சுவரை ஒட்டியிருக்கிறது. வெளியே மைனஸ் 6, 7 டிகிரிக்குக் கீழே போகும் என்று வானிலை சொன்னால், படுக்கப் போகும்முன் சிங்க்குக்கு அடியில் உள்ள கப்போர்டு கதவைத் திறந்து வைத்துவிடுவோம். அறையின் சூடு குழாய்வரை போகும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அங்கே வைத்திருக்கும் சோப்பு, ரசாயனங்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

தோட்டத்து ஹோஸைக் கழற்றாமல் விடுவது பல வீடுகளில் நடக்கிறது. ஹோஸ் மாட்டியிருந்தால் டேப்பில் தண்ணீர் வடியாமல் நிற்கும். உறைபனி தாங்கும் என்று விற்கும் விசேஷ டேப்கூட அதனால் பிளந்துவிடும். ஹோஸைக் கழற்றி, வீட்டுக்குள் இருக்கும் அதன் வால்வை மூடி, வெளியே டேப்பைத் திறந்து கடைசிச் சொட்டுவரை வடித்து, அப்படியே திறந்து வைத்துவிட வேண்டும்.

வெளியூர் போனாலும் ஹீட்டிங்கை முழுக்க அணைக்காதீர்கள். 12, 13 டிகிரியிலாவது ஓடட்டும். மிச்சமாகும் பணம் ஒரு குழாய் வெடித்தால் வரும் செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நீண்ட நாள் போவதென்றால் மெயின் வால்வை மூடி, எல்லா டேப்பையும் திறந்து, குழாயைக் காலி செய்துவிட்டுப் போகலாம்.

மெயின் வால்வு என்றதும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. குளிர் தொடங்கும் முன் மகனை உட்கார வைத்து மூடித் திறக்கச் சொல்லுவேன். வருடக்கணக்கில் அசைக்காத வால்வு இறுகிப்போய்விடும். தண்ணீர் சீலிங்கிலிருந்து ஊற்றும்போது அது திரும்பவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கு மேலே சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறோம், மாமியாருக்கும் காட்டியிருக்கிறோம்.

ஒருவேளை குழாய் உறைந்தேவிட்டால், மெயின் வால்வைக் கைக்கெட்டும் நிலையில் வைத்துக்கொண்டு, டேப்பைத் திறந்து வைத்து, டேப் இருக்கும் முனையிலிருந்து ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே உறைந்த இடத்தை நோக்கிப் போக வேண்டும். அப்படிச் செய்தால் உருகும் தண்ணீர் டேப் வழியாக வெளியே வந்துவிடும். தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். குழாயைச் சூடாக்கப் போய்ச் சுவருக்குள் தீ வைத்தவர்கள் உண்டு.

பாய்லரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகுதியுள்ள ஆளை வைத்து வருடம் ஒருமுறை சர்வீஸ். குளிர் வரும் முன்பே ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், கோளாறு இருந்தால் இதமான காலத்திலேயே தெரியட்டும். ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்தும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆற விட்டு, ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் உள்ள சின்ன வால்வில் அதற்குரிய சாவியைப் போட்டுக் கால் சுற்று திருப்பினால் புஸ்ஸென்று காற்று வரும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடலாம். அதன்பிறகு பாய்லரின் பிரஷர் இறங்கியிருக்கும், பார்த்து ஏற்றிவிடுங்கள். சாதாரண வீட்டு பாய்லர் குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருந்தால் சரி. ரேடியேட்டருக்குப் பதில் சூடான காற்றை ஊதும் ஃபர்னஸ் உள்ள வீடுகளில் ஃபில்டரை மாற்ற வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் சோபா போடுவதும், திரைச்சீலையால் அதை மூடுவதும் வேண்டாம்.

விறகு அடுப்புக்கு விறகு காய்ந்திருப்பதுதான் உயிர். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கெட்டி மரம் என்றால் பிளந்து அடுக்கிய பிறகு ஒரு வருடமாவது காற்றோட்டமாகக் காய வேண்டும். ஈரப்பதம் காட்டும் மீட்டர் கிடைக்கிறது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று விழும். ஈர விறகு புகைந்து, புகைபோக்கிக்குள் கிரியோசோட் என்ற தாரைப் படிய வைக்கும். அது தீப்பிடிக்கும். அதனால் அடுப்பு ஏற்றும் காலத்துக்கு முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்யும் ஆளை ஒருபோதும் தள்ளிப்போடுவதில்லை.

ஓட்டைகளை எல்லாம் அடைத்ததும் இன்னொரு பிரச்சினை தலைகாட்டும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். சட்டத்தின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். "வீட்டை அடைச்சதாலதான் இப்படி" என்று என் கணவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

20 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. ஆகவே அறையின் சூடான காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் தாங்க முடியாத ஈரத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. அறை 20 டிகிரியாக, ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், 9 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோர்க்கும். ஜன்னலில் கோர்ப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது. பீரோவுக்குப் பின்னால் வெளிச்சுவரில் கோர்ப்பது தெரியாது. பூஞ்சை அங்கேதான் வளரும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோ, கட்டில் எல்லாவற்றையும் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

இந்த ஈரம் நாம் உண்டாக்குவதுதான். குளிக்கிறோம், சமைக்கிறோம், மூச்சு விடுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக ரேடியேட்டரின் மேல் துணி காயப் போடுகிறோம். ஒரு மெஷின் துணி காயும்போது சுமார் 2 லிட்டர் தண்ணீரை அறைக்குள் விடுகிறது. வேறு வழியில்லாமல் வீட்டுக்குள் காயப் போடுபவர்கள், ஓர் அறையில் போட்டு, கதவைச் சாத்தி, அங்கே எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டுங்கள். குளிக்கும்போதும் குளித்த பிறகும் ஃபேன் ஓடட்டும். அது வெளியே தள்ளுகிறதா, அட்டிக்குக்குள் கொட்டுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல பழைய வீடுகளில் குழாய் அட்டிக்கோடு நின்றுபோயிருக்கும்.

அப்புறம், ஜன்னலைத் திறக்க வேண்டும். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறப்பதா என்று மாமியார் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓர் அறையில் 40 கன மீட்டர் காற்று என்று வையுங்கள். அதை 0 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குச் சூடாக்கக் கிட்டத்தட்ட கால் யூனிட் மின்சாரம் போதும். வீட்டின் பெரும்பகுதிச் சூடு சுவரிலும் தரையிலும் சாமான்களிலும் இருக்கிறது, காற்றில் இல்லை. எதிரெதிர் ஜன்னல்களை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம் விட்டு மூடினால், ஈரக் காற்று போய்க் காய்ந்த காற்று வந்துவிடும். சுவர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். வெளியே மழை தூறினாலும் இது பலிக்கும். குளிர்ந்த காற்றில் இருக்கும் ஈரம் அளவில் மிகக் குறைவு, உள்ளே வந்து சூடானதும் அது வறண்ட காற்றாகிவிடும். ஜன்னலை நாள் முழுக்க ஓர் அங்குலம் திறந்து வைப்பதுதான் கெடுதல். அப்போது சுவரும் சட்டமும் குளிர்ந்து, கூடுதலாக ஈரம் கோர்க்கும். இப்போது காலையில் மாமியாரே சால்வையைப் போர்த்திக்கொண்டு, "ஜன்னலத் திறடா கண்ணா" என்று பேரனைக் கூப்பிடுகிறார்.

ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு மலிவான நல்ல வழி, சட்டத்தின் உள்பக்கம் ஒட்டும் தெளிவான பிளாஸ்டிக் படலம். ஒட்டிவிட்டு ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சுருக்கம் போய் இறுகிவிடும். நடுவில் சிக்கிய காற்று போர்வையாக வேலை செய்யும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் தத்துவமும் இதே. அதில் இடைவெளி பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதைவிட அகலமானால் உள்ளே காற்று சுழலத் தொடங்கிவிடும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் வலியுறுத்துவது கார்பன் மோனாக்சைடு அலாரம். மற்றவை வசதிக்கு, இது உயிருக்கு. வீட்டை இறுக்கமாக அடைத்துவிட்டு உள்ளே எதையாவது எரிக்கிறோம் என்றால் இது இல்லாமல் ஓர் இரவுகூடத் தூங்கக் கூடாது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890களில் தானே அதைச் சுவாசித்து, உடல் எப்படி மாறுகிறது என்று குறித்து வைத்தார். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று அது தொடங்குவது சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும், உடம்பு மட்டும் சுடாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனால் சரியானால், சந்தேகமே வேண்டாம், எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் அவசர உதவிக்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று, படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் ஒன்று என அலாரம் வைக்க வேண்டும். மின்சாரம் போனாலும் ஓட அதில் பேட்டரி இருக்க வேண்டும். அதன் சென்சாருக்கு ஆயுள் உண்டு. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து மாற்றுங்கள்.

மின்சாரம் போவதைப் பற்றியும் யோசித்து வைக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கடும் குளிர் இறங்கியபோது 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டிடங்களும் மின்சாரம் இழந்தன. அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குளிரிலேயே உடல் விறைத்துப் போனவர்கள். வீட்டுக்குள் கரி மூட்டியும், கராஜில் காரை ஓட விட்டும், ஜெனரேட்டரை வீட்டோடு ஒட்டி வைத்தும் கார்பன் மோனாக்சைடில் போனவர்களும் அதில் உண்டு. அந்தச் செய்திகளைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஒரு திட்டம் வைத்தோம். மின்சாரம் போனால் எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். மற்ற அறைகளைச் சாத்திவிட்டு, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து, அந்த ஒரே அறையைக் காப்பாற்றுவது. பாய்லருக்கு மின்சாரம் வேண்டும், விறகு அடுப்புக்கு வேண்டாம். போர்வைகள், டார்ச், பவர் பேங்க், குடிநீர், மாமியாரின் மாத்திரைகள் எல்லாம் ஒரு பெட்டியில் கூடத்திலேயே இருக்கின்றன. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெளியே வையுங்கள், புகை ஜன்னல் பக்கம் திரும்பாமல்.

வெளியே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கூரைக்கு மேல் சாய்ந்த காய்ந்த கிளைகளை வெட்டுவது, படிக்கட்டின் கைப்பிடி ஆடுகிறதா என்று பார்ப்பது, பனி வாரும் மண்வெட்டியை வெளிக் கொட்டகையில் வைக்காமல் வாசலுக்கு உள்ளேயே வைப்பது. பனி கதவளவு குவிந்தால் கொட்டகைக்கு எப்படிப் போவது? சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரி வரைதான் ஐஸை நன்றாக உருக்கும். அதற்குக் கீழே மணல் தூவுவதே மேல், வழுக்காது, செடிகளுக்கும் கெடுதலில்லை. ஒவ்வொரு பெரும்பனிக்கும் பிறகு, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பாய்லரின் புகைக்குழாயை மூடிய பனியைத் தட்டிவிடுங்கள். மகனுக்கு வாசலைப் பெருக்கும் முன் இதுதான் முதல் வேலை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், "இதெல்லாம் எங்களால் முடியுமா?" என்று கேட்கிறார்கள். அட்டிக்கைத் தொட முடியாதுதான். ஆனால் ஜன்னல் படலம், கதவடித் துண்டு, நுரைப்பட்டை, பீரோவைத் தள்ளிப் போடுவது, ஐந்து நிமிடக் காற்றோட்டம், கார்பன் மோனாக்சைடு அலாரம் எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று. பாய்லர் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது? புகைபோக்கியைச் சுத்தம் செய்தது எப்போது? மெயின் வால்வு எங்கே, அது திரும்புகிறதா? போனில் கேட்டு விட்டுவிடாமல், எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிர் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.